கயிற்றை "விடு" என்று எழுதாதீர்கள்

நான் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் கட்டளை அட்டை என்று ஒன்று கிடையாது. எங்கள் அதிகாரி விஜேகோன் சேர் வாயால் சொல்வார், நாங்கள் காதால் கேட்போம். இப்போது காலம் மாறிவிட்டது. ஆற்றில் அகப்பட்டவர்களை மீட்பதற்கென்றே புதிய பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். சிங்களத்திலும் தமிழிலும் கட்டளைகளை அச்சடித்து, நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு, உயிர்காப்பு அங்கியின் பையில் வைக்கப்போகிறார்களாம். அந்த அட்டையின் தமிழ்ப் பக்கத்தைப் படம் பிடித்து, இப்போது அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தமிழ் சரியா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்.

எழுத்துப் பிழை ஒன்றிரண்டு இருந்தது. அது போகட்டும். நடுவில் ஒரு வரியைப் பார்த்ததும் எனக்கு மேலே வாசிக்க மனம் வரவில்லை. "கயிற்றை விடு" என்று போட்டிருந்தார்கள். உடனே தம்பிக்கு ஃபோன் எடுத்து, அதை மாற்றச் சொன்னேன். "விடுன்னா விடுதானே அண்ணே, அதுல என்ன இருக்கு?" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் எதையும் ஒழுங்காக விளங்கப்படுத்தவும் முடியவில்லை. வைத்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்களுக்குக் குளியல் என்றால் பீலித் தண்ணீர்தான். மலையில் இருந்து ஓடைத் தண்ணீர் வரும், குழாய் வழியாகத் தலையில் விழும். முழங்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டதே இல்லை. தீயணைப்பு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். கொஞ்சம் தெரியும் என்றேன். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது பயிற்சியின் முதல் நாளே நீச்சல் குளத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. விஜேகோன் சேர்தான் குளம் துப்புரவு செய்யும் நீளக் கம்பை நீட்டி என்னை வெளியே எடுத்தார். திட்டுவார் என்று பயந்தேன். "லிங்கம், பயப்படத் தெரிஞ்சவன்தான் எனக்கு வேணும்" என்று தன்னுடைய உடைந்த தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த நாளில் இருந்து தானே எனக்கு நீச்சல் பழக்கினார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அவருக்குக் கீழேதான் வேலை செய்தேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். உரத்துப் பேசமாட்டார். எந்த இடத்துக்குப் போனாலும் வண்டியில் இருந்து ஓடி இறங்கமாட்டார். இறங்கியதும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். எங்களுக்கெல்லாம் அது எரிச்சலாக இருக்கும். அங்கே ஒருவன் தண்ணீரில் கத்திக்கொண்டிருப்பான், இவர் இங்கே கடிகார வாரை அவிழ்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். கடிகாரம் கையில் இருந்தால் மனிதன் அதைத்தான் பார்ப்பான், ஆற்றைப் பார்க்கமாட்டான் என்றார்.

ஆற்றுக்குப் போனால் அவருக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. வண்டி நின்றதும் புதியவர்கள் எல்லாரும் பாலத்துக்கு ஓடுவார்கள். பாலத்தில் இருந்துதானே ஆள் நன்றாகத் தெரியும். சேர் அவர்களைத் திரும்பக் கூப்பிடுவார். "பாலத்துல நின்னா பாக்கத்தான் ஏலும்" என்பார். முதலில் இரண்டு பேரைக் கயிற்றோடு கீழே, ஆறு போகும் பக்கம் அனுப்புவார். தண்ணீர் கொண்டுபோகிறவனை அங்கேதான் வாங்க வேண்டும். பிறகு ஒருவனை மேலே அனுப்புவார். ஆற்றில் மரக்கட்டை ஏதாவது மிதந்து வந்தால் விசில் அடிப்பது அவன் வேலை. மேலும் கீழும் ஆள் நின்ற பிறகுதான் நடுவில் அகப்பட்டவன் பக்கம் திரும்புவார். கேட்பதற்கு நீளமாக இருக்கிறது, செய்வதற்கு அவ்வளவு நேரம் எடுக்காது.

எறிகிற கயிறு இப்போது பையோடு வருகிறது. எங்களுக்கு அப்படி இல்லை. எண்ணெய் வாங்கிய வெறும் பிளாஸ்டிக் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, அதன் கைப்பிடியில் நைலோன் கயிற்றைக் கட்டி எறிவோம். ஆளுக்கு நேராக எறியக்கூடாது. தலையைத் தாண்டி விழவேண்டும். அப்போதுதான் கயிறு அவன் தோளில் வந்து படும். அவன் பிடிக்கலாம், ஆனால் கட்டக்கூடாது. நாங்களும் கையில் சுற்றக்கூடாது. எங்கேயும் முடிச்சுப் போடக்கூடாது.

ஏன் கட்டக்கூடாது என்று பலர் கேட்பார்கள். கட்டினால்தானே பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. நிற்கும் தண்ணீரில் அது சரி. ஓடும் தண்ணீரில் ஒரு மனிதனைக் கயிற்றில் கட்டி நிறுத்திவைத்தால், பின்னால் வரும் தண்ணீர் முழுவதும் அவன் மேல் ஏறும். தலை மேலே வரமுடியாது. கரையில் நிற்பவர்கள் இழுக்க இழுக்க அவன் கீழே போவான். கயிறு தளர்ந்தால் மேலே வருவான். இது கண்ணால் பார்த்தால் ஒழிய நம்பமுடியாத விஷயம். பாலத்துக்குப் பக்கத்தில் இன்னும் மோசம். தூண்கள் ஆற்றை நெருக்குகின்றன, அதனால் அங்கே ஓட்டம் கூடுதல். தூணின் காலடியில் மணலைத் தண்ணீர் தோண்டியிருக்கும். தூணுக்குப் பின்னால் சுழி இருக்கும். தூணின் முன்பக்கத்தில் மூங்கிலும் குப்பையும் வந்து தங்கும். தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும், மனிதன் போகமுடியாது. கரையில் நின்று பார்த்தால் இது ஒன்றும் தெரியாது. பாலத்தடியில் நிழலும் படிக்கட்டும் இருக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்கும். எவருக்கும் குளிக்கத் தோன்றும். குளிக்க இறங்கியவர்களை நான் ஒருநாளும் முட்டாள் என்று சொன்னதில்லை.

சொல்லுக்கு வருகிறேன். பேராதனைப் பக்கம் ஒருவர் ஆற்றோரமாக ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்துவிட்டார். கூட இருந்த நண்பர்கள் கயிறு எறிய, அவர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையை ஓட்டோவில் கட்டிவிட்டு மூன்று பேர் இழுத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் போகும்போது ஆள் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். சேர் சிங்களத்தில் "அத்தாரின்ன" என்றார். கையை எடு, விட்டுவிடு என்று அர்த்தம். அந்த மூன்று பேரும் சேரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். முன்னைவிட இறுக்கிப் பிடித்தார்கள். வேறு வழி இல்லாமல் சேர் கத்தியால் கயிற்றை வெட்டினார். வெட்டியதும் மூவரில் ஒருவன் நண்பன் போய்விட்டான் என்று நினைத்துத் தானும் குதித்துவிட்டான். கடைசியில் நாங்கள் இரண்டு பேரைக் கீழே எடுக்கவேண்டியதாகிப் போனது. விழுந்தவர் கண் முழித்ததும் நல்ல கயிற்றை வெட்டிவிட்டீர்களே என்று சேரிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவர் குறைப்பட்டதில் எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம்.

திரும்பி வரும் வழியில் பிளேன்டீ குடிக்க நிறுத்தினோம். சேர் யோசித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று என்னிடம் கேட்டார். விடு என்றேன். வேறு எதற்கெல்லாம் அதைச் சொல்வீர்கள் என்றார். நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். பெண்டாட்டியை வேண்டாம் என்று ஒதுக்கினாலும் விட்டுவிட்டான் என்போம். உதவி செய்யாமல் போனால் கைவிட்டான் என்போம். செத்தால் உயிரை விட்டான் என்போம். சேர் கோப்பையை வைத்துவிட்டு, சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதேதான் என்றார். "அப்ப நம்ம சொன்னா எவன் லிங்கம் கேப்பான்?" என்று கேட்டார்.

அன்று தொடக்கம் எங்கள் நிலையத்தில் அந்தச் சொல் ஒழிந்தது. சிங்களத்தில் "லணுவ தெண்ட". தமிழில் "கயித்தக் குடுங்க". இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். கொடுக்கும்போது வாங்குவதற்கு மறுபக்கத்தில் ஒருவன் நிற்கிறான் என்ற நம்பிக்கை வரும். இன்னொரு ஒழுங்கையும் சேர் அன்றைக்கே வைத்தார். கயிற்றைப் பிடித்திருப்பவனின் கையாலேயே அதைக் கொடுக்கவைக்க வேண்டும். நாங்களாக வெட்டினால் அவனும் பின்னால் குதிப்பான். பல வருடங்கள் இந்த ஒழுங்கு எங்களுக்குக் கைகொடுத்தது.

இனிச் சொல்லப்போவது என் வேலைக் காலத்தின் கடைசிப் பகுதியில் நடந்தது.

திகனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் பாஹிம். முப்பது வயது இருக்கும். வாப்பா இல்லை. உம்மாவும் ஒரே தங்கச்சியும் அவர் பொறுப்பு. அந்தத் தங்கச்சி நுஸ்ராவுக்குக் கல்பிட்டியில் இருந்து மாப்பிள்ளை எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் றிஸ்வி. கடலோடு பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் முடிந்து பெண் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். மச்சானும் மச்சானும் நல்ல ஒட்டு. பெண்ணின் கையில் மருதோன்றி கூட அழியவில்லை.

அன்று இருவரும் லொறியில் கட்டுகஸ்தோட்டைக்குச் சாமான் இறக்க வந்திருக்கிறார்கள். வேலை முடிந்து நல்ல வெயில். பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, கரையில் லொறியை நிறுத்திவிட்டு றிஸ்வி குளிக்க இறங்கினார். பாஹிமுக்கு நீச்சல் தெரியாது. படியில் உட்கார்ந்து கடல்காரனுக்கு ஆறு எம்மாத்திரம் என்று மச்சானைக் கேலி செய்துகொண்டிருந்தாராம். முதல் தடவை றிஸ்வி நடு ஆறுவரை போய்த் திரும்பி வந்துவிட்டார். இரண்டாம் தடவை போனபோது தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. கண்டியில் வெயில் என்றால் நாவலப்பிட்டிப் பக்கமும் வெயிலாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையே. மேலே பெய்த மழை அப்போதுதான் இங்கே வந்து சேர்ந்தது.

றிஸ்வி நல்ல நீச்சல்காரர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது கடல். கடலில் களைத்துப்போனால் கையைக் காலை விரித்து மிதந்தபடி கிடப்பார்களாம். அலை கொண்டுவந்து கரையில் சேர்த்துவிடும். அவர் அதைத்தான் செய்தார். ஆற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது ஒரே பக்கமாகத்தான் போகும். மிதந்துகொண்டு கிடந்தவரை நேராகப் பாலத்துத் தூணில், தங்கியிருந்த மூங்கிலோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

பாஹிமின் லொறியில் சாமான் கட்டும் கயிறு இருந்தது. தன் கடையில் விற்பதிலேயே நல்ல கயிறு. அதை எறிந்து, இடுப்பில் கட்டச் சொல்லிக் கத்தி, மறுமுனையை லொறியின் பின் பம்பரில் முடிச்சுப் போட்டார். தெருவில் போனவர்கள் எல்லாம் ஓடி வந்து கயிற்றில் கை வைத்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் அத்தனை பேரும் இழுத்தார்கள். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் தாங்கவில்லை. ஏனென்றால் அவர்கள் இழுத்த இழுப்பில் றிஸ்வி மூங்கிலில் இருந்து கழன்று, ஓட்டத்தின் நடுவில் கயிற்று முனையில் தொங்கத் தொடங்கினார்.

நாங்கள் வந்தபோது நிலைமை இதுதான். சேர் இறங்கினார், கடிகாரத்தைக் கழற்றினார். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குக் கீழே, தண்ணீர் கொஞ்சம் ஓய்கிற இடத்துக்குப் போனார். தமிழ் பேசுகிறவன் என்று என்னைப் பாஹிமிடம் அனுப்பினார்.

பாஹிமின் உள்ளங்கை இரண்டும் உரிந்து, கயிற்றில் இரத்தம் ஊறியிருந்தது. நான் சொன்னதும் தெருவில் இருந்து வந்தவர்கள் கையை எடுத்தார்கள். அவர் எடுக்கவில்லை. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள், நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

"நானா, இழுக்காதீங்க. கயித்தக் குடுங்க."

"யாருக்குக் குடுக்கிற?"

"ஆத்துக்குக் குடுங்க. அது கொண்டுபோய்க் கீழ குடுக்கும். அங்க எங்க ஆளுங்க நிக்கிறாங்க, பாருங்க."

"விட்டாப் போயிருவாரு. எண்ட தங்கச்சிக்கு நான் எனத்தச் சொல்ற?"

"விடச் சொல்லலீங்க நானா. குடுக்கத்தான் சொல்றேன்."

அவர் பாலத்தின் கீழ்ப்பக்கம் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சேர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். பாஹிம் ஒரு முறை தண்ணீரைப் பார்த்தார். றிஸ்வியின் தலை அப்போது வெளியே இல்லை. பம்பரில் போட்ட முடிச்சு இறுகி அவிழ மறுத்தது. என்னுடைய கத்தியை அவரிடம் நீட்டினேன். அவரே வெட்டினார். வெட்டிய முனையை எறியவும் இல்லை, நழுவவிடவும் இல்லை. தண்ணீரில் வைத்தார். அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஒரு கணத்தில் றிஸ்வி மேலே வந்தார். இரண்டு தூண்களுக்கு நடுவால் பாலத்தைக் கடந்து போனார். கீழே எங்கள் ஆட்கள் எறிந்த கேன் கயிறு தோளில் விழுந்தது, பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய்ச் சேரும்போது கரையில் கிடத்தியிருந்தார்கள். மூச்சு இருந்தது, கண்ணும் திறந்திருந்தது. வாயில் இருந்து தண்ணீர் வழிய வழிய என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். பிறகு பாஹிம் வந்து தன் சாரத்தைக் கழற்றி அவருக்குப் போர்த்தி, தான் உள்ளே போட்டிருந்த அரைக் காற்சட்டையோடு அம்புலன்ஸில் ஏறிப்போனார். அன்று மாலை நிலையத்தில் நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் றிஸ்வி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நுரையீரலுக்குள் போன தண்ணீர் அவரை விடவில்லை.

கூட்டத்தில் எவரோ ஃபோனில் படம் எடுத்திருக்கிறார்கள். முழுவதும் எடுத்தாரோ வெட்டினாரோ தெரியாது. ஊரெல்லாம் சுற்றியது சின்னத் துண்டுதான். ஒரு மனிதன் குனிந்து கயிற்றைக் கத்தியால் வெட்டுகிறான். ஆற்றில் ஒரு தலை பாலத்துக்கு அடியில் போய் மறைகிறது. அவ்வளவுதான். கீழே நாங்கள் வாங்கியது அதில் இல்லை. கத்தியை நீட்டிய என் கையும் இல்லை. "தங்கச்சி மாப்பிள்ளையின் கயிற்றை விட்டவன்" என்று மேலே எழுதியிருந்தது. எழுதியவனைக் கண்டால் இப்போதும் நாலு வார்த்தை கேட்பேன்.

சில வாரம் கழித்துப் பாஹிம் நிலையத்துக்கு வந்தார். தாடி வளர்ந்து, உடம்பு பாதியாகியிருந்தது. கதிரையைக் காட்டினோம், உட்காரவில்லை. தங்கச்சி இறந்த புருஷனுக்காக வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கிறாள், யாரோ சொந்தக்காரர் அந்தப் படத்தை அவளுக்குக் காட்டிவிட்டார்கள், அன்று தொடக்கம் தன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். தான் இப்போது கடையிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். "நீங்க வந்து சொன்னா நம்புவா" என்றார்.

அவர் போன பிறகு நான் சேரிடம் என் சங்கடத்தைச் சொன்னேன். கயிற்றைக் கொடுத்தது சரி என்று சொல்வது சுலபம். ஆனால் அதைச் சொன்னால் அதற்கு முன் பிடித்து இழுத்தது பிழை என்று ஆகிவிடும். றிஸ்வியின் நெஞ்சுக்குள் தண்ணீர் போனது அந்த இழுவையில்தான். ஒரு பழியைத் துடைக்கப்போய் அந்த மனிதனின் தலையில் இன்னொன்றை வைத்துவிட்டு வரப்போகிறேனா? சேர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார். அந்தப் பிள்ளை கேட்பதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே, ஆனால் கேட்டால் பொய் சொல்லாதே. அவள் கேட்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு நான் போனேன்.

திகனை வீட்டுக்குச் சேரும் வந்தார். உம்மா எங்களை முன் அறையில் உட்காரவைத்தார். இத்தா இருக்கும் பெண் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். அதனால் உள் அறை வாசலில் திரை போட்டு, அதற்குப் பின்னால் நுஸ்ரா உட்கார்ந்திருந்தாள். பாஹிம் திரைக்கு இந்தப் பக்கம், வாசலுக்குக் கிட்ட, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். கயிற்றில் கட்டிய மனிதனை ஓடும் தண்ணீர் என்ன செய்யும் என்று சொன்னேன். கத்தி என்னுடையது, கொடுத்தவன் நான், சொன்னவன் நான் என்றேன். உன் நானா கயிற்றை விடவில்லை, எங்களிடம் கொடுத்தார், நாங்கள் உயிரோடு வாங்கினோம் என்றேன். திரை அசையவில்லை. சேர் தனக்குத் தெரிந்த தமிழில், "உண்மை மகள்" என்று மட்டும் சொன்னார்.

திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"கடைசியா அவரு எனத்தையும் சொன்னாரா?"

"ஒன்னு கேட்டாரும்மா. 'மச்சான் குதிச்சாரா'ன்னு கேட்டாரு. மச்சானுக்கு நீச்சத் தெரியாதுன்னு சொன்னாரு. குதிக்கல, கரையிலதான் நிக்கிறாருன்னு நான் சொன்னேன். அதுக்கப்புறந்தான் கண்ண மூடிச் சாஞ்சு படுத்தாரு."

பாஹிமுக்கே அது அன்றுவரை தெரியாது. அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். உள்ளேயும் அழுகைச் சத்தம் கேட்டது. இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். எழுந்திருக்கக்கூடத் தயாரானேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"குடுக்கிறதுதான் சரியெண்டா, முதல்ல ஏன் இழுத்தாங்க?"

சேர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லக்கூடாது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தெருவில் இருந்து வந்தவர்களும் சேர்ந்துதான் இழுத்தார்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். பாஹிம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியல்ல தங்கச்சி. கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருந்தா அவரு போகமாட்டாரு எண்டு நெனச்சேன். நான்தான் கட்டச் சொன்ன. நான்தான் இழுத்த. நல்லாப் பிடிக்கோணும் எண்டுதான் பிடிச்சேன். அதுதான் அவருக்குக் கூடாமப் போச்சி. அந்தக் கயித்த நான் இன்னும் முன்னமே குடுத்திருக்கோணும்."

நான் தீயிலும் தண்ணீரிலும் நிறைய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தைரியத்தை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவர் மேல் இருந்த பொய்ப் பழி அப்போதுதான் கழன்றது. அந்த நிமிடமே மெய்யான ஒன்றை எடுத்துத் தானே சுமந்துகொண்டார். உம்மா சுவரில் சாய்ந்து நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அவள் பேசமாட்டாள் என்று நினைத்தேன். நாங்கள் வந்திருக்கவே கூடாது என்றும் நினைத்தேன்.

பிறகு அவள், "நானா, சோறு திண்டீங்களா?" என்று கேட்டாள்.

பாஹிம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் திரை இருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னும் திங்கலம்மா" என்று அவருக்காக நான்தான் சொன்னேன்.